வீரை மரத்தில் இரண்டு குழை

பட்டியடி, கிரானுக்கு மேற்கே
14.11.2000

அன்புள்ள தங்கச்சி கண்ணகைக்கு, அண்ணன் வல்லிபுரம் எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன். நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். புரட்டாதிக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. அம்மாவின் ஆண்டுத் திதிக்கு நான் வரவில்லை என்று நீ இன்னும் பொருமிக்கொண்டு இருப்பதாகத் தயிர்க்கார அசனார் காக்கா சொன்னார். எனக்கு வர மனமில்லையா? துறையடியில் இயக்கப் பொடியன்மாரிடம் பாஸ் எடுத்து, தோணி ஏறி, அந்தக் கரையில் ஆமியிடம் சட்டையைக் கழற்றிக் காட்டி, உன் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த திதியே வந்துவிடும்.

விதைப்புத் தொடங்கிவிட்டதால் மாடுகளை வயல் வட்டையிலிருந்து ஓட்டிச் சாய்த்துக்கொண்டு காட்டுக்குள் வந்து பட்டி அடைத்திருக்கிறோம். நானும் கோணாமலையும் மட்டும்தான். அவனை உனக்குத் தெரியும், உன் கலியாணத்தில் மூன்று பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டவன். தயிர்ச் சட்டிகளைக் காத்தடியில் கட்டித் துறைக்குத் தோளில் தூக்கிப் போவது அவன் வேலை. இந்தக் கடிதத்தையும் அவன்தான் கொண்டுபோய் அசனார் காக்காவிடம் கொடுப்பான். அவர் காத்தான்குடிக்குத் தயிர் கொண்டு போகும்போது உன்னிடம் தருவார்.

போன வெள்ளிக்கிழமை பெரிய மடுவில் எருமைகள் தண்ணீரில் இறங்க மறுத்தன. போய்ப் பார்த்தேன். சேற்றில் ஒரே ஒரு ஆளின் காலடிதான் இருந்தது. ஆனால் அது ஒரு ஆள் பாரத்துக்குப் பதிந்த ஆழம் இல்லை. ஆறேழு பேர், ஒருவன் வைத்த அடியிலேயே மற்றவன் கால் வைத்துப் போயிருக்கிறார்கள். கடைசி ஆள் மரக்கொப்பால் கூட்டி அழிக்கப் பார்த்திருக்கிறான், சேற்றில் அழியவில்லை. பொடியன்மார் இப்படி நடப்பதில்லை. அவர்கள் கதைத்துச் சிரித்துக்கொண்டு நடப்பார்கள்.

இரண்டு நாள் கழித்து வண்டிப்பாதையில் ஒரு உழவு இயந்திரம் வெடித்துச் சிதறியது. இயக்கப் பொடியன்கள் இருவரும், அதை ஓட்டிவந்த ஊர்க்காரன் ஒருவனும் போய்விட்டார்கள். ஆமி இப்போது சின்னச் சின்னக் கூட்டமாகக் காட்டுக்குள் இறங்குகிறதாம். பத்து நாள் தங்கி, வேவு பார்த்து, வெடி வைத்துவிட்டுத் திரும்புகிறதாம். பொடியன்மாரின் பொறுப்பாளர் வந்து, “அண்ணே, ஒவ்வொரு நாளும் விடிய அடி பார்த்து எங்களுக்குச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாட்டேன் என்று சொல்ல யாரால் முடியும்?

தங்கச்சி, எனக்குப் பயமாக இருக்கிறது. யானைக்குப் பயந்திருக்கிறேன், கரடிக்குப் பயந்திருக்கிறேன். அவை வருவது காதில் விழும். இவர்கள் பத்து அடி தள்ளிப் பற்றைக்குள் படுத்திருந்து நான் பல் விளக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

மச்சான் சாமித்தம்பியை ஒரு கிழமைக்கு அனுப்பி வையேன். நான் ஆரையம்பதியில் கடலைப் பார்த்து வளர்ந்தவன். எனக்குக் காட்டைக் காட்டியதே அவர்தானே. கிரானில் பிறந்து, தேன் எடுத்துத் திரிந்த மனுசன். அடியைப் பார்த்தால் வந்தவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்றுகூடச் சொல்லிவிடுவார்.

அண்ணன்,
வல்லிபுரம்


ஆரையம்பதி
23.11.2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. திதிக்கு வராததற்கு நீங்கள் சொல்லும் காரணத்தை அம்மாவின் படத்துக்கு முன் வாசித்தேன். அம்மாதான் சிரித்திருப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் மச்சானை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அனுப்புவதற்கு அவர் வீட்டில் இருந்தால்தானே? ஐப்பசி தொடக்கத்தில் ஆமியின் சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துப் போனார்கள். பதினொரு நாள் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள். அதை நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், மாட்டையும் விட்டுவிட்டு வரப் போகிறீர்களா? அந்தக் கோபத்தில்தான் எழுதாமல் இருந்தேன்.

வந்ததிலிருந்து மனுசன் மனுசனாக இல்லை. பொலன்னறுவைப் பக்கம் மரம் வெட்டும் வேலை என்கிறார். பத்து நாள் போவார், ஐந்து நாள் இருப்பார். வாகனம் ஒன்று சந்தியில் இறக்கிவிட்டுப் போகும், ஒருநாளும் வீட்டு வாசலுக்கு வராது. கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். முதுகெல்லாம் உண்ணி கடித்த தழும்பு. மரம் வெட்டுகிறவர் கையில் ஒரு காய்ப்பும் இல்லை. உடுப்பைத் தானே கிணற்றடியில் தோய்க்கிறார். பதினாறு வருசத்தில் ஒரு கைலேஞ்சியைக்கூடத் தோய்த்தறியாதவர்!

சின்னவள் பின்னால் வந்து கழுத்தைக் கட்டினால் துள்ளி எழும்புகிறார். போன செவ்வாய் அவளைக் கீழே தள்ளியே விட்டார். பிறகு அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார்.

அண்ணா, உங்களுக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. வேறு யாருக்கு எழுதுவேன்? இவருக்கு வேறு பெண் தொடுப்பு ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருடைய தாய்வழி ஆட்கள் கிரானில் இருக்கிறார்கள்தானே. மெதுவாக விசாரித்து எழுதுங்கள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. தகப்பனைப் பற்றி ஊர் ஒரு கதை கதைத்தால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

தங்கச்சி,
கண்ணகை


பட்டியடி
03.12.2000

தங்கச்சி,

இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு உடனே அடுப்பில் போடு. அசனார் காக்காவிடமும் ஒன்றும் சொல்லாதே.

காட்டுக்குள் நுழைகிற இடத்தில் நிற்கும் வீரை மரத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். உள்ளே போகிற எவரும் ஒரு இலைக் குழை முறித்து அதன் கிளைக் கவரில் வைத்து, “பிள்ளையாரே, போயிட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். தேன் எடுக்கப் போகிறவனும் சரி, விறகுக்குப் போகிறவனும் சரி. பொடியன்மாரில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் வைப்பார்கள். ஆளுக்கு ஒரு குழை.

போன வியாழன் அந்தக் கவரில் இரண்டு குழை குறுக்காகச் செருகி இருந்தது. பச்சை வாடவில்லை. அதை வைத்தவர் யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. உன் மாமனாரைக் கரடி கொன்ற வருசத்திலிருந்து மச்சான் இரண்டு குழை வைப்பார். ஒன்று தனக்கு, மற்றது காட்டிலிருந்து திரும்பி வராத தகப்பனுக்கு. பத்து வருசம் அவர் பின்னால் நடந்தவன் நான். இந்தக் காட்டில் வேறு எவனும் அப்படி வைப்பதில்லை.

மரத்திலிருந்து அடியைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு ஆளின் அடி, ஆறேழு ஆளின் ஆழம். மடுவில் பார்த்தது போலவே.

உன் புருஷனுக்கு வேறு பெண் இல்லை, தங்கச்சி. இருந்திருந்தால் நான் பொங்கல் வைத்துக் கொண்டாடியிருப்பேன். அவர் ஆமிக்கு வழி காட்டுகிறார். அந்த உழவு இயந்திரத்துக்கு வெடி வைத்தவர்களையும் அவர்தான் கூட்டி வந்திருக்க வேண்டும்.

பொடியன்மார் கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அவரை மட்டும் என்று நினைக்காதே, ஆரையம்பதிக்குள்ளும் அவர்களுடைய ஆட்கள் வந்து போகிறார்கள். இரண்டு குழையையும் எடுத்து மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். விடிந்ததும் எருமைகளை அந்த அடிகளுக்கு மேலாகவே சாய்த்தேன். முப்பது எருமை நடந்த சேற்றில் கடவுளாலும் அடி பார்க்க முடியாது. கோணாமலை, “என்ன அண்ணே, இண்டைக்கு மாடு புதுப் பாதையில போகுது?” என்றான். புல் நல்லது என்றேன். நம்பிவிட்டான். அவன் நம்பியது எனக்கு என்னவோ போல இருந்தது.

மச்சானிடம் சொல்லு, வருவதை நிறுத்தட்டும். நிறுத்த முடியாவிட்டால் குழை வைப்பதையாவது நிறுத்தட்டும். அவருடைய தகப்பனைத் தெரிந்த கிழடுகள் இந்தப் பக்கம் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒருவர் கண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வல்லிபுரம்


ஆரையம்பதி
12.12.2000

அண்ணா,

கேட்டுவிட்டேன். ஞாயிறு மத்தியானம் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சோற்றைப் போட்டு வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தேன்.

“இஞ்சேருங்க, வீரை மரத்தில ரெண்டு குழை ஆரு வச்ச?” என்றேன்.

கையில் எடுத்த சோற்றை அப்படியே கோப்பையில் போட்டுவிட்டார். பிறகு சொன்னார்.

“எண்ட ஐடி கார்டக் காம்பில வச்சிரிக்காங்க கண்ணகை. அது இல்லாமப் பாலம் தாண்டேலாது, ஆத்தில வலை வீசேலாது. போகாட்டி அடுத்தது உன்னையும் புள்ளைகளையும் கூப்பிடுவம் எண்டு சொல்லித்தான் விட்டவங்க. நான் என்ன செய்யிற?”

“அந்த உழவு மெசின் வெடிச்சதில ஊர்க்காரன் ஒருத்தனும் செத்தான்” என்றேன்.

“தெரியும்” என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. என் புருஷன் என்ன ஆளாகிவிட்டார் அண்ணா?

“சரி, குழை என்னத்துக்கு வச்ச நீங்க? செத்துப்போகவா?” என்றேன்.

“கை தானாப் போகுது. முப்பது வருசப் பழக்கம். முன்னால நடக்கிறது நான்தானே, பின்னால வாறவங்களுக்கு அது என்னெண்டு விளங்காது. மறுகா, உன்ட அண்ணன் கண்டா நான் உள்ள இரிக்கன் எண்டு தெரிஞ்சி, மாட்ட அங்கால சாய்ச்சிருவாரு எண்டும் நினைச்சன். அவரு முன்னால வந்து நிண்டுட்டா நான் என்ன செய்வன்? கண்டவன உயிரோட உட மாட்டாங்க.”

அப்படியானால் அந்தக் குழை உங்களுக்காகவும்தான் இருந்திருக்கிறது. இதைக் கேட்டும் நான் இளகவில்லை. சின்னவளைக் கூப்பிட்டு, அவள் தலையில் கை வைத்து இனிக் குழை வைக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னேன். பிள்ளை என்ன ஏது என்று விளங்காமல் சிரித்துக்கொண்டு நின்றாள். அவர் சத்தியம் பண்ணினார்.

அடுத்த பயணம் டிசம்பர் கடைசியில் இருக்கும் என்கிறார். எந்தப் பக்கத்தால் கூட்டிப்போனால் உங்கள் கண்ணிலும் பொடியன்மார் கண்ணிலும் படாமல் இருக்கலாம் என்று உங்களைக் கேட்கச் சொன்னார். இப்படியொரு கேள்வியை என் கையாலேயே எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு வழி தெரியவில்லை.

கண்ணகை


பட்டியடி
19.12.2000

தங்கச்சி,

உன் கேள்வியை வாசித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. எழுதினால் நானும் அவர்களில் ஒருவன். எழுதாவிட்டால் நீ தாலி அறுப்பாய். மூன்றாவது ஒன்று இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

மலையடிவாரத்தில் ஒரு பாறையடிப் பாதை இருக்கிறது. மச்சானுக்கு நன்றாகத் தெரியும், முன்பு தேனுக்குப் போன வழிதான். அங்கே புல் கிடையாது, அதனால் மாடு போகாது. பொடியன்மாரும் இப்போது மூன்று மடுக்களில்தான் காவல் இருக்கிறார்கள். அந்தப் பாதையால் வந்து அந்தப் பாதையாலேயே போகட்டும். நான் மாடுகளையும் கோணாமலையையும் இந்தப் பக்கமே வைத்துக்கொள்கிறேன்.

பொறுப்பாளர் நேற்று வந்தார். “அண்ணே, உங்கட எருமையள் ஏன் வழியெல்லாம் உழக்குது?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு அங்கேயே குந்திவிட்டேன். கோணாமலை பார்த்துவிட்டு, “அண்ணனுக்குக் காய்ச்சல் போல” என்று கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தான்.

குழை வைக்காதது நல்லதுதான். சத்தியத்தை மீறாமல் பார்த்துக்கொள்.

வல்லிபுரம்


ஆரையம்பதி
08.01.2001

அண்ணா,

நீங்கள் உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். ஒரு சொல் போதும். வெறும் தாளில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினாலும் போதும்.

இவர் நேற்றுக் காலை வந்தார். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. கிணற்றுக் கட்டில் போய்க் குந்திக்கொண்டார். பின்னேரம் சொன்னார்.

“பாறையடியில ஆள் வந்தது கண்ணகை. நல்ல மழை. சாமான் ஒண்டத் தோளில போட்டுக்கு நேர எங்களுக்கு முன்னால வந்து நிண்டான். தலையில சாக்கு மூடியிருந்த. நான் கைய நீட்டிப் போ எண்டு காட்ட முந்தி எனக்குப் பின்னால இருந்து சுட்டுட்டாங்க. கிட்டப் போகப் பாத்தன், அவங்க விடல்ல. இழுத்துக்கு வந்துட்டாங்க.”

“ஆரு அது?” என்றேன்.

“முகம் தெரியல்ல” என்றார். நாலு தரம் கேட்டேன். நாலு தரமும் அதையே சொன்னார். பிறகு, “உயரம் மச்சான்ட உயரம்தான்” என்றார்.

அந்தப் பாதையில் மாடு போகாது என்று எழுதினீர்களே அண்ணா! யாரும் வர மாட்டார்கள் என்று எழுதினீர்களே! குழை வைக்க வேண்டாம் என்று சத்தியம் வாங்கியது நான். அது அந்த மரத்தில் இருந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் புருஷனைக் காப்பாற்றப் போய் உங்களைக் கொன்றுவிட்டேனா?

அசனார் காக்காவிடம் கேட்டேன். “துறைக்கு ஒரு கிழமையாத் தயிர் வரல்ல புள்ள, வெள்ளம்தானே” என்கிறார். இந்தக் கடிதத்தை அந்தக் கரையில் யார் கையிலாவது கொடுத்துவிடும்படி கெஞ்சி அனுப்புகிறேன்.

கண்ணகை


பட்டியடி
14.01.2001

தங்கச்சி,

நான் இருக்கிறேன். போனது கோணாமலை.

டிசம்பர் கடைசியில் பெய்த மழையில் மடுக்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. பட்டிக்குள் இடுப்பளவு தண்ணீர். கன்றுகளைக் காப்பாற்ற வேண்டுமானால் மேட்டுக்கு ஏற்ற வேண்டும். இங்கே மேடு என்றால் பாறையடி ஒன்றுதான். வீரை மரத்தை ஓடிப்போய்ப் பார்த்தேன். குழை இல்லை. வைக்க மாட்டார் என்று எனக்குத்தான் தெரியுமே, ஆனாலும் பார்த்தேன். அவர்கள் இன்னும் வரவில்லை, இந்த மழையில் வரவும் மாட்டார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கோணாமலை நனைந்த கன்று ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். நான் மற்றதுகளைச் சாய்த்துக்கொண்டு பின்னால் போனேன். ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. மரம் முறிந்தது என்று நினைத்தேன்.

நெஞ்சில் பட்டிருந்தது. கன்று அவனுக்கு அடியில் கிடந்து கத்திக்கொண்டு இருந்தது.

அவனுடைய மனைவி இரத்தினம்மா வந்து உடம்பைப் பார்த்தாள். அழவில்லை. என்னைப் பார்த்து, “அண்ணே, ஆமிக்கு இந்தப் பாறையடி எப்பிடித் தெரியும்? நம்மட ஆள் ஒருத்தன்தானே கூட்டி வந்திரிக்கணும்? ஆரண்ணே அது?” என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

பொறுப்பாளரும் வந்தார். “இந்த வெள்ளத்தில திரும்பவும் வாறதெண்டா எந்தப் பாதையால வருவாங்க?” என்று கேட்டார். நான் பாறையடிப் பாதையைக் காட்டினேன். ஓம் தங்கச்சி, நான்தான் காட்டினேன். மச்சானின் பெயரைச் சொல்லவில்லை, சாகும்வரை சொல்லவும் மாட்டேன். ஆனால் பாதையைக் காட்டிவிட்டேன். இரத்தினம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம். அவர் மேல் கோபம், உன் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். வேறு ஒரு காரணமும் சொல்லத் தெரியவில்லை.

பாதை நெடுகிலும் கண்ணி வைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஆள் படுத்திருக்கிறது. இனி நான் எருமையை விட்டு எதையும் அழிக்க மாட்டேன், அழிக்கவும் முடியாது. அவரை வர விடாதே. என்ன செய்வாயோ தெரியாது, காலை உடைத்தாவது வீட்டில் கிடத்து. ஐடி இல்லாவிட்டால் பரவாயில்லை. அவர்கள் வந்து கேட்டால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று சொல்லு. இந்தக் கடிதம் கிடைத்த அந்த நிமிசமே செய்.

துறைக்குப் போக இப்போது ஆள் இல்லை. நானே கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நடக்கிறேன். தோணி ஓடுகிறதோ தெரியவில்லை.

வல்லிபுரம்


ஆரையம்பதி
24.01.2001

அண்ணா,

உங்கள் கடிதம் நேற்றுச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கிடைத்தது. தோணி ஆறு நாள் ஓடவில்லையாம்.

அவரை ஞாயிறு காலையிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கு முதல்நாள், “பாறையடி வேண்டாம், வேற பக்கத்தாலப் போங்க” என்று நான் எவ்வளவோ சொன்னேன். “வேற பக்கமெல்லாம் தண்ணி புள்ள. மறுகா, அது மச்சான் சொன்ன பாதை. அவரு எனக்குப் பிழையான வழி சொல்ல மாட்டாரு” என்றார். போகும்போது பிள்ளைகள் நித்திரை. எழுப்ப வேண்டாம் என்றுவிட்டுப் போனார்.

நீங்கள் செய்ததை நான் சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. இரத்தினம்மாவின் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். ஆனால் நான் இங்கே நிற்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள்.

இந்தத் தாள் உங்கள் கைக்கு வர நாலு நாளாகலாம், பத்து நாளும் ஆகலாம். வந்தால் உடனே பாறையடிக்குப் போய்ப் பாருங்கள். எது கிடந்தாலும் நீங்களே எடுங்கள், மற்றவர்கள் தொட விடாதீர்கள்.

அசனார் காக்கா வாசலில் நிற்கிறார். அப்படி என்ன அவசரக் கடிதம் என்று கேட்கிறார். ஒன்றுமில்லை, சுறுக்காப் போங்க காக்கா என்று மட்டும் சொன்னேன்.

கண்ணகை